2006 எந்தக் காலம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் பழைய க்ரைம் படங்களைப் பற்றிய கட்டுரை நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, 'அந்தக் காலப் படங்களை அந்தக் காலக் கண்ணோடுதான் பார்க்க வேண்டும்' என்ற வரி வரும் வரை.

'வேட்டையாடு விளையாடு' வந்தது 2006-இல். அது எந்தக் காலம் ஐயா? அப்போதே என் கையில் செல்போன் இருந்தது. தம்பியோடு போயிருந்தேன். கொலைகார டாக்டர்கள் இரண்டு பேரையும் 'நீங்க அந்த மாதிரியா?' என்கிற தினுசில் கமல் நக்கலடிக்கும் இடத்தில் தியேட்டரே விசிலடித்தது. தம்பி வாய்க்குக் கொண்டுபோன பாப்கார்னை அப்படியே பொட்டலத்தில் போட்டான். "தலை வலிக்குதுக்கா, வெளிய நிக்கிறேன்" என்று எழுந்து போய்விட்டான். படம் விட்டு வந்தபோது வண்டியில் சாய்ந்து நின்றிருந்தான். பிரித்த பொட்டலம் பிரித்தபடி சீட்டின் மேல். பன்னிரண்டு வருஷம் அதைத் தலைவலி என்றே நம்பினேன். 2018 செப்டம்பரில் ஒரே பாலினத்தவர் உறவு குற்றமல்ல என்று 377-ஆம் பிரிவு பற்றி உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்த அன்று ராத்திரிதான் தன்னைப் பற்றி என்னிடம் சொன்னான்.

சரி, பெண்கள் விஷயத்துக்கு வருகிறேன். 'சிகப்பு ரோஜாக்கள்' (1978) படத்தின் கேமராவுக்கு ஒரு பத்தி, இசைக்கு ஒரு பத்தி. ரோஜாச் செடிக்கடியில் புதைந்த பெண்களுக்கு ஒரு வரி கிடையாது. கொன்றவனுக்கு மட்டும் சின்ன வயதுக் கதை உண்டு, அதுவும் பெண்களால் கெட்டுப்போன கதை! கட்டுரையாளரை மட்டும் சொல்லி என்ன? கணவன் மனைவியை வெட்டினால், 'நடத்தையில் சந்தேகம்' என்று அவன் தரப்பு நியாயம்தானே உங்கள் மூன்றாம் பக்கத்தில் முதலில் அச்சேறுகிறது. போன வருஷம் இதைப் பற்றி எழுதினேன். 'மேலும் கடிதம் எழுதியோர்' பட்டியலில் என் பெயரைப் போட்டு கௌரவித்தீர்கள். நன்றி.

இப்போது கேட்பது சின்ன விஷயம். கட்டுரையில் மூன்று இடத்தில் 'ஓரினச்சேர்க்கையாளர்' என்று வருகிறது. சேர்க்கை ஒன்றுதானா அவர்கள் வாழ்க்கை? 'தன்பாலீர்ப்பாளர்' என்று போடுங்களேன். உயர் நீதிமன்றம் சொல்லி, தமிழக அரசே 2022-இல் அரசிதழில் சொற்பட்டியல் வெளியிட்டது உங்களுக்குத் தெரியாததா?

அப்புறம், இந்த முறை என் பெயரைப் போட வேண்டாம். போட்டால் என்ன என்கிறான் தம்பி. ஆனால் அம்மா இன்னும் உங்கள் பத்திரிகையை ஒரு வரி விடாமல் படிக்கிறார்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மேற்கு மாம்பலம், சென்னை - 33