நிறம் இறங்கி வருகிறது, அம்மணி

பொள்ளாச்சி
அக்டோபர் 14

அன்புள்ள அம்மணிக்கு,

அப்பா எழுதுவது. நேற்று போனில் நீ சொன்ன ஒன்று மனதை விட்டுப் போகவில்லை. "இலை நிறம் மாறுற சீசனோட பீக் முடிஞ்சு போச்சுப்பா. ஆபீஸ்ல எல்லாரும் போன வாரமே மலைக்குப் போய்ட்டு வந்துட்டாங்க. எனக்குத்தான் வேலை. இனி அடுத்த வருஷந்தான்" என்றாய். அவர்கள் எடுத்து வந்த படங்களைப் பார்த்து நீ ஏங்கியது குரலிலேயே தெரிந்தது. போனிலேயே பதில் சொல்லியிருப்பேன், அதற்குள் உன் குட்டிப் பையன் வந்து போனை வாங்கிக்கொண்டான். அம்மா தூங்கிய பிறகு உட்கார்ந்து எழுதுகிறேன்.

நீ எதையும் தவறவிடவில்லை. அவர்கள் பார்த்துவிட்டு வந்தது மலையின் தலையை மட்டும்தான். தோளும் இடுப்பும் காலும் இன்னும் பாக்கி இருக்கின்றன.

2023 அக்டோபரில் எங்களைக் கிரேவ்யார்ட் ஃபீல்ட்ஸுக்குக் கூட்டிப் போனாயே, நினைவிருக்கிறதா? உங்கள் வட கரோலினாவில், புளூ ரிட்ஜ் மலைத்தொடர் மேலே ஓடும் பார்க்வே என்கிற சாலையில் 418-வது மைல் தாண்டி, ஐயாயிரம் அடிக்கு மேலே. நாம் போய்ச் சேர்ந்தபோது அங்கே மரங்கள் பாதிக்கு மேல் மொட்டையாக நின்றன. காட்டு புளூபெர்ரிப் புதர்கள் மட்டும் தரையோடு தரையாகச் சிவந்து கிடந்தன. எங்களை அவ்வளவு தூரம் கூட்டி வந்தது வீணாயிற்றே என்று உன் முகம் வாடிப் போயிற்று. அப்புறம் மாப்பிள்ளை வண்டியைத் திருப்பி, 412-வது மைலில் பார்க்வேயை விட்டு, பிரெவார்ட் போகும் 276 சாலையில் இறக்கினார். நாலைந்து வளைவுதான் இறங்கியிருப்போம். இரண்டு பக்கமும் காடு மஞ்சள் கொட்டி வைத்தது போல் ஆகிவிட்டது. நீ "நிறுத்துங்க, நிறுத்துங்க" என்று கத்தினாய். இன்னும் இறங்கி லுக்கிங் கிளாஸ் அருவிக்கு வந்தோம். 60 அடி உயரத்திலிருந்து தண்ணீர் விழும் அந்த இடத்தில் அப்போதும் பச்சைதான் மிச்சம், அங்கங்கே ஒரு கிளை மட்டும் பழுக்கத் தொடங்கியிருந்தது. முடிந்துபோனது, நடந்துகொண்டிருப்பது, இனி வரப்போவது, மூன்றையும் ஒரே சாலையில் அன்றைக்குப் பார்த்தோம்.

நமக்கு இது புதிது அல்ல. ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு. ஒன்பதாவது வளைவில் காட்சி முனைக்கு வந்ததும் ஸ்வெட்டர் கேட்பாய். ஆயிரம் அடி ஏறினால் சுமாராக 2 டிகிரி செல்சியஸ் குறையும், எந்த ஊர் மலையானாலும் கணக்கு ஏறத்தாழ அதுதான். மிட்செல் மலை 6,684 அடி, மிசிசிப்பி ஆற்றுக்குக் கிழக்கே அதை விட உயர்ந்தது இல்லை. உன் சார்லட் 750 அடி சுமார். அந்தச் சிகரத்தில் செப்டம்பர் கடைசியில் தொடங்குகிற காலம் உன் தெருவுக்கு வந்து சேர நவம்பர் ஆகிவிடும். நீ அந்தக் காலத்தை எட்டிப் பிடிக்க ஓட வேண்டியதே இல்லை. அது உன்னை நோக்கித்தான் இறங்கி வருகிறது.

குட்டிப் பையன் அன்று "இலைக்கு யார் பெயின்ட் அடிச்சா?" என்று கேட்டான், நாம் சிரித்துவிட்டு விட்டுவிட்டோம். இந்த முறை அவனுக்குச் சரியாகச் சொல். மஞ்சள் கோடை முழுக்க இலைக்குள்ளேயே இருக்கிறது. கேரட்டுக்கு நிறம் தருகிற கரோட்டினாய்டு குடும்பம்தான் அது. மேலே பச்சையம் மூடியிருப்பதால் தெரிவதில்லை. பகல் குறையக் குறைய மரம் இலையிலிருந்து சத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளத் தொடங்கும், பச்சையம் சிதைந்து போகும், மஞ்சள் வெளியே வரும். சிவப்பு அப்படி அல்ல. அது புதிதாக உண்டாவது. இலைக்காம்பின் அடியில் தக்கை போல ஒரு படலம் வளர்ந்து வழியை அடைக்கிறது, இலையில் செய்த சர்க்கரை உள்ளேயே தங்கி விடுகிறது, அதிலிருந்து ஆந்தோசயனின் என்கிற சிவப்பு பிறக்கிறது. பகல் நல்ல வெயிலும், இரவு உறையாத குளிரும் இருந்தால் அந்தச் சிவப்பு கூடும்.

அதே ஆந்தோசயனின்தான் நம் தோட்டத்து மாந்தளிரிலும் இருக்கிறது. செம்பு நிறத்தில் தொங்குமே, தொட்டால் துணி மாதிரி துவளுமே, அது. வால்பாறைச் சோலைகளிலும் புதுத் தளிர் விடும்போது மரத்தின் தலை சிவந்து நிற்பதை நான் எத்தனையோ முறை படம் எடுத்திருக்கிறேன். நம் மலைக்காட்டில் இலை பிறக்கும்போது சிவப்பு. அங்கே இலை விடைபெறும்போது சிவப்பு. அந்த வளைவில் வண்டியை விட்டு இறங்கி முதல் மேப்பிளைத் தொட்டபோது எனக்கு மாமரம்தான் நினைவுக்கு வந்தது. அன்று உன்னிடம் சொல்ல வாய் வரவில்லை.

எல்லா மரமும் ஒரே நாளில் மாறுவதும் இல்லை. சவர்வுட், டாக்வுட் எல்லாம் முந்திக்கொள்ளும். பிறகு மேப்பிளும் பிர்ச்சும் டியூலிப் பாப்லரும். ஹிக்கரி பொன்னாகப் பின்னால் வரும். ஓக் கடைசி. துருவும் செம்பும் கலந்த நிறத்தில், ஊரே முடிந்தது என்று நினைத்த பிறகும் நிற்கும். படங்களில் எல்லாரும் மேப்பிளையே தேடுகிறார்கள். எனக்கு ஓக் காடு பிடித்தது. மாலை வெயில் பட்டால் பழைய பித்தளைக் குடம் போல மின்னுகிறது.

சரி, என்ன செய்யலாம் என்று சொல்கிறேன். இந்தச் சனிக்கிழமை கிராண்ட்ஃபாதர் மலைப் பக்கம் போங்கள். பார்க்வேயின் 304-வது மைலில் லின் கோவ் வயடக்ட் என்கிற பாலம் இருக்கிறது. 469 மைல் பார்க்வேக்கு 1935-இல் வேலை தொடங்கினார்கள், இந்த மலையின் விலாப்புறத்தில் இருந்த கடைசி இடைவெளி அடைபட 1987 ஆயிற்று. மலையை வெட்டிச் சாலை போட்டால் பாறைச் சரிவு கெட்டுப்போகும் என்று, 153 துண்டுகளாக வார்த்து, கட்டி முடித்த பாலத்தின் மேலேயே கொண்டு வந்து ஒன்றோடொன்று கோத்தார்கள். ஒவ்வொரு துண்டும் 50 டன். அந்த வளைந்த பாலம் நிறம் மாறிய காட்டுக்கு நடுவே மிதப்பதை ஒரு தடவையாவது நீ கண்ணால் பார்க்க வேண்டும். அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் பிரைஸ் ஏரி. காற்று எழுவதற்கு முன்னால் போனால் தண்ணீரிலும் ஒரு காடு இருக்கும். 2024 செப்டம்பரில் ஹெலீன் புயல் அந்தப் பாதையை மிகவும் உடைத்துப் போட்டது, அதனால் எந்தப் பகுதி திறந்திருக்கிறது என்று பூங்காத் துறையின் வரைபடத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்பு. பார்க்வேயில் பெட்ரோல் பங்க் கிடையாது. வேகமும் 45 மைலுக்கு மேல் கூடாது. விடியற்காலையில் மான் குறுக்கே வரும், மாப்பிள்ளையிடம் சொல்லி வை.

சனிக்கிழமையும் வேலை வந்துவிட்டதா? போகட்டும். மாதக் கடைசியில் பைலட் மலை. 2,421 அடிதான், உச்சியில் மொட்டைப் பாறை, சுற்றிலும் காடு. விடுமுறை நாளில் வண்டி நிறுத்த வரிசை நிற்கும், முன்னதாகப் போக வேண்டும். அதுவும் தவறினால் நவம்பர் தொடக்கத்தில் கிரவுடர்ஸ் மலை. 1,625 அடி, உன் வீட்டிலிருந்து ஒரு மணி நேரம் கூட ஆகாது. நான் சொன்ன ஓக்கும் ஹிக்கரியும் அங்கே நிறைய.

இனி படம். முப்பது வருஷம் ஸ்டுடியோ நடத்தியவன் இதைச் சொல்லாமல் விட முடியாது.

அன்று மத்தியானம் நான் எடுத்த இருநூறு படத்தில் ஒன்று கூடத் தேறவில்லை. உச்சி வெயிலில் இலை எல்லாம் வெள்ளையாகப் பளபளத்து நிறத்தை விழுங்கிவிட்டது. மறுநாள் காலையில், மூடுபனிக்குள் எடுத்த பதினொன்றில் ஆறு நன்றாக வந்தன. மேகம் போட்டிருக்கிறதே என்று வருத்தப்படாதே. ஸ்டுடியோவில் விளக்குக்கு முன்னால் வெள்ளைக் குடை பிடிப்போமே, மேகம் காட்டுக்குப் பிடிக்கும் குடை. வெறும் வெள்ளை வானத்தை மட்டும் படத்துக்குள் விடாதே. மழை பெய்து ஓய்ந்த நேரம் இன்னும் நல்லது, மரத்தின் பட்டை கறுத்து இலையின் நிறம் எடுப்பாகத் தெரியும்.

வெயில் இருந்தால் முதுகுக்குப் பின்னால் சூரியனை வைக்காதே. இலைக்கு அந்தப் பக்கம் சூரியன் இருக்கட்டும், நீ இந்தப் பக்கம் நில். வெளிச்சம் இலையை ஊடுருவி வரும்போது நரம்பு நரம்பாகத் தெரியும்.

சிவப்பு மட்டும் கொஞ்சம் ஜாக்கிரதை. முகூர்த்தப் பட்டு எடுக்கும்போது நான் எப்போதும் எக்ஸ்போஷரை ஒரு பங்கு குறைத்துத்தான் வைப்பேன். இல்லாவிட்டால் சிவப்பு ஒரே அப்பாக அப்பி, மடிப்பும் சரிகையும் காணாமல் போகும். மேப்பிளும் பட்டு மாதிரிதான். போனில் எடுத்தால் சிவந்த கிளையின் மேல் விரலை அழுத்திப் பிடித்து, வெளிச்சத்தைக் கொஞ்சம் கீழே இறக்கிவிடு. கேமராவில் எடுத்தால் வெள்ளைச் சமநிலையை (ஒயிட் பேலன்ஸ்) ஆட்டோவில் விடாமல் பகல் வெளிச்சத்தில் வை. ஆட்டோவில் விட்டால் அத்தனை மஞ்சளையும் கோளாறு என்று நினைத்துச் சரிசெய்யப் பார்க்கும்.

போலரைசர் என்கிற, பளபளப்பைக் குறைக்கும் கண்ணாடி வில்லை ஒன்று உங்கள் வீட்டில் விட்டு வந்தேன், அந்தப் பழைய கேமராப் பையில் இருக்கும். அதை லென்ஸின் முன் மெதுவாகத் திருப்பு. ஒரு இடத்தில் இலையின் பளபளப்பு சட்டென்று அணைந்து நிறம் மேலே வரும். சூரியன் பக்கவாட்டில் இருக்கும்போதுதான் அது நன்றாக வேலை செய்யும். தூரத்து மலையின் நீலப் புகையை மட்டும் முழுக்க அழித்துவிடாதே. அந்த மரங்கள் விடுகிற ஆவியால்தான் மலைக்கு அந்த நீலம், மலைத்தொடருக்கு அந்தப் பெயர். நம் நீலகிரி போல.

குட்டிப் பையனை மஞ்சள் மரத்துக்கு நேர் கீழே நிறுத்தாதே, காமாலை வந்தவன் போல முகம் மஞ்சளடிக்கும். நிழல் முடிகிற ஓரத்தில், வானத்தைப் பார்த்து நிற்கட்டும். அந்த நீல ஸ்வெட்டரைப் போட்டுவிடு, அம்மா பின்னி அனுப்பியது. சிரிக்கச் சொல்லாதே, சருகை அள்ளி வீசச் சொல்.

அம்மா அன்று பொறுக்கிய மூன்று இலைகளைப் பழைய பஞ்சாங்கத்துக்குள் வைத்திருக்கிறாள். இன்று எடுத்துப் பார்த்தேன். சிவப்பெல்லாம் பழுப்பாகிவிட்டது, வடிவம் மட்டும் அப்படியே இருக்கிறது. புதிதாக ஒன்று கேட்கிறாள். மலையிலிருந்துதான் வேண்டும் என்று இல்லையாம். உங்கள் வீட்டு வண்டி நிறுத்தும் இடத்தில் நிற்கிற மேப்பிள் போதுமாம். அது நவம்பரில்தான் மாறும், நாங்கள் அங்கிருந்தபோது தினமும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை ஐந்து மணிக்கெல்லாம் கிளம்பிவிடுங்கள். அங்கே ஏழரைக்குத்தான் விடியும், அதற்குள் மேலே போய்ச் சேர்ந்துவிடலாம். சிக்னல் கிடைத்ததும் போன் பண்ணி, பள்ளத்தாக்கை ஒரு சுற்றுக் காட்டு. இங்கே மாலை ஐந்து மணி ஆகியிருக்கும். அம்மாவும் நானும் காபியோடு திண்ணையில்தான் உட்கார்ந்திருப்போம்.

அன்புடன்,
அப்பா