ஒன்பது மாதக் காரும் எண்ணெய் குடித்த கிளச்சும்

சேலம்

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. பேரனுக்கு மொட்டை போடப் பழனி போனோம், திரும்பியதும் மங்கைக்கு மூட்டுவலி. தாமதத்துக்கு இதையெல்லாம் காரணமாகச் சொல்லலாம். உண்மைக் காரணம் கார்தான். வழக்கு ஒரு முடிவுக்கு வரட்டும், பிறகு எழுதலாம் என்று இருந்துவிட்டேன்.

புது வண்டிக்கு எங்கேயாவது கிளச் போகுமா என்று கேட்டிருந்தாய். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஒன்பது மாதம், 11,400 கிலோமீட்டர். இன்ஜினின் சுழற்சியைக் கியர்பாக்ஸுக்குக் கொடுக்கவும் துண்டிக்கவும் இருக்கிற கிளச், ஒழுங்காக ஓட்டினால் அறுபதாயிரம், எண்பதாயிரம் தாண்டுகிற சாமான். முதலில் வந்தது காலை நேரத்து உதறல். முதல் கியரில் கிளச்சை விடும்போது வண்டி மழையில் நனைந்த மாடு மாதிரி உடம்பைச் சிலுப்பும், கொஞ்ச தூரம் போனால் சரியாகிவிடும். மார்கழிக் குளிர் என்று விட்டுவிட்டேன். பொங்கல் முடிந்து ஏற்காடு ஏறினோம். இருபது கொண்டை ஊசி வளைவுகளில் பாதியைத் தாண்டியதும், ஆக்சிலரேட்டரை மிதித்தால் இன்ஜின் மட்டும் கத்துகிறது, வண்டி ஏற மறுக்கிறது. கூடவே ஒரு கருகல் நாற்றம். பின்னால் வரும் லாரியிலிருந்து வருகிறது என்று மங்கையிடம் சாதித்தேன். பின்னால் லாரியே இல்லை.

சர்வீஸ் சென்டரில் இருந்த பையன் வண்டியைத் தொடக்கூட இல்லை. "சார், கிளச் பிளேட் தேய்கிற பொருள், வாரண்டியில் வராது. நீங்கள் பெடலில் கால் வைத்தே ஓட்டுகிறீர்கள்" என்றான். முப்பத்தைந்து வருடம் வண்டி ஓட்டியவனிடம்! கொதிப்போடு வீட்டுக்கு வந்து சொன்னால், "அவன் சொன்னதில் என்ன தப்பு? சிக்னலில் முதல் கியரைப் போட்டுக் கிளச்சை மிதித்தபடியேதானே நிற்கிறீர்கள்" என்கிறாள் மங்கை.

செவ்வாய்பேட்டையில் நம் சேட்டக் ஸ்கூட்டரைப் பார்த்த மெக்கானிக்கை நினைவிருக்கிறதா? அவர் மகனிடம் போனேன். ஆள் நடமாட்டமில்லாத சமதள ரோட்டுக்கு ஓட்டிப்போய், நாலாவது கியரில் நாற்பதில் வைத்து ஆக்சிலரேட்டரை அடி வரை அழுத்தினான். நல்ல கிளச் என்றால் இன்ஜின் முனகிக்கொண்டே இன்ஜின் சுற்றைக் காட்டும் ஆர்பிஎம் முள்ளும் வேக முள்ளும் சேர்ந்து மெல்ல ஏறும். இங்கே ஆர்பிஎம் முள் தனியாகத் துள்ளியது, வேக முள் அசையவில்லை. "கிளச் ஸ்லிப் ஆகிறது, அதாவது வழுக்குகிறது, சரி. ஏன் ஆகிறது என்று பார்க்க வேண்டும்" என்று வண்டியைக் குழிமேல் நிறுத்தினான். இன்ஜினும் கியர்பாக்ஸும் சேருமிடத்தின் அடியில் ஈரம். விரலால் தொட்டு முகர்ந்தான். கியர் ஆயிலில் கந்தக நெடி இருக்கும், இதில் அது இல்லை. இன்ஜின் ஆயில்தான். இன்ஜினின் சுழல் தண்டான கிராங்க் ஷாஃப்டின் பின்பக்கம் எண்ணெயைத் தடுக்கிற ஆயில் சீல் கசிந்து பிளேட்டில் இறங்கியிருக்கிறது. உதறலும் அதனால், வழுக்கலும் அதனால்.

பிளேட் தேய்ந்தால் என் செலவு, சீல் கசிந்தால் கம்பெனி செலவு. கசிவின் போட்டோவோடு சர்வீஸ் சென்டருக்குப் போய், கியர்பாக்ஸை என் கண்முன்னால்தான் இறக்க வேண்டும் என்று உட்கார்ந்துவிட்டேன். மிதித்தே தேய்த்த பிளேட்டில், மேலே ஒட்டியிருக்கும் உராய்வுப் பட்டையான லைனிங், அதைப் பிடித்திருக்கும் ரிவெட் ஆணி வரை கரைந்திருக்கும். என்னுடையதில் லைனிங் பருமன் நன்றாகவே இருந்தது. ஆனால் தோசைக்கல் போல எண்ணெய் மின்னியது. ஜெயித்தேன் என்று நிமிர்ந்தபோது அந்தப் பையன், பிளேட் ஒட்டிச் சுழலும் இன்ஜின் சக்கரமான ஃப்ளைவீலைக் காட்டினான். அங்கங்கே நீலத் திட்டுகள், சூடேறிய தடம். வழுக்கினாலும் சூடேறும்தானே என்று வாதாடினேன். ஆனால் சிக்னல் நினைவு வந்து என் குரல் இறங்கிவிட்டது. கடைசியில் சீலும் பிளேட்டும் அவர்கள் கணக்கு, வேலைக்கூலி என் கணக்கு.

உன் வண்டிக்கு நோய் வேறு. ரிவர்ஸ் போடும்போது கரகரக்கிறது, பெடல் ஆழமாக இறங்குகிறது என்கிறாய். அது வழுக்கல் இல்லை, கிளச் முழுதாக விடுபடவில்லை. முதலில் பெடலுக்கு அடியில் தரை மேட் மடிந்து கிடக்கிறதா பார். சிரிக்காதே, பார். அடுத்து பிரேக் ஆயில் அளவு. உன்னுடையது கம்பிக்குப் பதில் எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் ஹைட்ராலிக் கிளச். பல வண்டிகளில் பிரேக்குக்கும் கிளச்சுக்கும் ஒரே டப்பாதான், ஆகவே அளவு குறைந்திருந்தால் காரணம் தெரியும்வரை வண்டியை எடுக்காதே. பெடலை மூன்று நான்கு முறை வேகமாக மிதித்த பிறகு ரிவர்ஸ் சத்தமில்லாமல் விழுகிறதென்றால், குழாயில் காற்று புகுந்திருக்கும், அல்லது சிலிண்டர் கசியும். சில வண்டிகளில் அந்தச் சிலிண்டர் கியர்பாக்ஸுக்குள்ளேயே இருப்பதால் கியர்பாக்ஸை இறக்கித்தான் ஆக வேண்டும். ஆனால் இதையெல்லாம் பார்க்காமலே கிளச் செட்டை மாற்று என்று யாராவது சொன்னால் சாவியை வாங்கிக்கொண்டு வந்துவிடு. சர்வீஸுக்கு விடும்போது குறையை எழுதுகிற ஜாப் கார்டிலும் வெறுமனே 'கிளச் புகார்' என்று எழுத விடாதே. எந்தக் கியரில், காலையிலா, சூடான பிறகா, எத்தனையாவது கிலோமீட்டரில் என்று நீயே சொல்லி எழுத வை.

சேட்டக்கில் கிளச் கம்பி அறுந்து, ராசிபுரத்திலிருந்து நீ தள்ளத் தள்ள நான் கியர் போட்டுக்கொண்டு வந்தோமே, அன்றைக்கு நோய் கண்ணுக்கு நேராகத் தொங்கியது.

மங்கை இப்போதெல்லாம் முன்சீட்டில் உட்கார்ந்து ரோட்டைப் பார்ப்பதில்லை, என் இடது காலையே பார்த்துக்கொண்டு வருகிறாள். மே மாதம் வீட்டில் எல்லோரையும் கூட்டிக்கொண்டு வா. ஏற்காட்டுக்கு நீதான் ஓட்ட வேண்டும்.

அன்புடன்,
ராகவன்