அம்பாசடரும் இன்ஜெக்டரும்

கோயம்புத்தூர்

அன்புள்ள மணி,

உன் கடிதம் கிடைத்தது. பேத்திக்குக் காது குத்தியாயிற்று, தங்கச்சிக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது என்று படித்ததும் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். நாங்கள் நலம். பெரியவள் இப்போது வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறாள். அதனால் காருக்கும் ஒரு ஆள் கிடைத்தாள்.

ஆமாம், கேள்விப்பட்டது உண்மைதான். என் அம்பாசடர் மார்க் 4-இல் பெட்ரோலையும் காற்றையும் கலந்து கொடுக்கும் கார்புரேட்டரைக் கழற்றி, கம்ப்யூட்டர் சொல்படி பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்ஷன் போட்டுவிட்டேன். நன்றாகவே ஓடுகிறது. ஆனால் 'நானும் மாற்றிவிடட்டுமா' என்று கேட்டிருக்கிறாயே, அதற்கு உடனே சரி என்று சொல்ல மனம் வரவில்லை.

நான் மாற்றியதற்கு முதல் காரணம் ஊட்டி. மைத்துனன் வீடு அங்கே இருப்பதால் அடிக்கடி போக வேண்டியிருக்கிறது. ஊட்டி 2,240 மீட்டர் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி கீழே இருப்பதில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்குதான். நம் சோலெக்ஸ் கார்புரேட்டருக்கு அது எப்படித் தெரியும்? மேட்டுப்பாளையத்துக்கு வைத்த ஜெட், அதாவது பெட்ரோலை அளந்துவிடும் துளை, குன்னூர் தாண்டியதும் பெட்ரோலை அதிகமாக ஊற்றும், புகை கறுப்பாக வரும், பிளக் கரி பிடிக்கும். திரும்பி வரும்போது கோடை வெயிலில் பெட்ரோல் ஆவியாகிக் குழாயை அடைக்கும் ஏர் லாக் வேறு. எஞ்சின் மேலேயே உட்கார்ந்திருக்கும் மெக்கானிக்கல் பம்புக்கு ஈரத்துணி சுற்றிக்கொண்டு நின்ற அனுபவம் உனக்கும் இருக்குமே.

இன்னொரு காரணம் இப்போது பங்க்கில் வரும் இ20, அதாவது எத்தனால் கலந்த பெட்ரோல். வெறும் பெட்ரோல் ஒரு கிலோ சரியாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். 20 சதவீதம் எத்தனால் கலந்தால் அது 13.5 பக்கம் இறங்கிவிடும். அதாவது பழைய ஜெட்டையே வைத்துக்கொண்டால் கலவையில் பெட்ரோல் குறைந்து மெலிந்துபோகும். சைலன்சர் பைப்பில் ஆக்ஸிஜன் சென்சார் இருந்தால், எந்தப் பெட்ரோல் ஊற்றினாலும் கம்ப்யூட்டர் பார்த்துச் சரிசெய்துகொள்ளும்.

சிலிண்டருக்கு ஒன்றாக நான்கு இன்ஜெக்டர் வைப்பதுதான் நல்லது என்று உன் மெக்கானிக் சொன்னதாக எழுதியிருக்கிறாய். மாருதிக்குச் சரி. நம் 1,489 சிசி எஞ்சினில் அது நடக்காது, ஏனென்றால் சிலிண்டர்களுக்கு மேல் உட்காரும் ஹெட்டில், கலவை உள்ளே போகும் இன்லெட் துவாரமே இரண்டுதான். ஒன்றும் இரண்டும் ஒரு துவாரத்தைப் பங்கு போட்டுக்கொள்கின்றன, மூன்றும் நான்கும் இன்னொன்றை. சிலிண்டர்கள் வெடிக்கும் வரிசை, ஃபயரிங் ஆர்டர், 1-3-4-2. முதல் துவாரத்தில் இரண்டாம் சிலிண்டர் இழுக்கும், உடனே ஒன்றாவது இழுக்கும், அப்புறம் நீண்ட இடைவெளி. அந்த இடைவெளியில் துவாரத்தின் வாயில் சேரும் பெட்ரோலை முதலில் இழுக்கும் சிலிண்டரே வாரிக்கொள்ளும். கடைசியில் நடுவில் உள்ள இரண்டு பிளக்கும் கறுத்திருக்கும், ஓரத்தில் உள்ளவை வெளுத்திருக்கும். பங்காளி வீட்டுப் பந்தியில் முதலில் உட்கார்ந்தவன் கதைதான்.

இதே ஹெட் அமைப்புதான் இங்கிலாந்தில் ஓடிய பழைய மினி காருக்கும். அதைச் செய்த ரோவர் கம்பெனிக்காரர்கள் 1991 வாக்கில் அதற்குக் கார்புரேட்டர் இருந்த இடத்தில் ஒற்றை இன்ஜெக்டரைத்தான் வைத்தார்கள். துவாரத்துக்கு ஒன்றாக இரண்டு வைத்து, எந்தச் சிலிண்டர் இழுக்கும்போது எவ்வளவு என்று நேரம் பார்த்துத் தெளிக்கும் முறைக்கு 1996-இல்தான் போனார்கள். தொழிற்சாலைக்கே அத்தனை வருஷம் ஆன வேலையை நாம் வீட்டு வாசலில் வைத்துச் செய்ய வேண்டாம்.

அதனால் நான் செய்தது எளிய வழி. உக்கடத்தில் கிடைத்த ஒரு மாருதித் திராட்டில் பாடி (ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் காற்றுக்கு வழி விடுவது), அதற்கும் ஹெட்டுக்குக் கலவையைக் கொண்டுபோகும் மேனிஃபோல்டுக்கும் நடுவில் லேத்தில் கடைந்த ஒரு அலுமினியத் துண்டு, அதில் இரண்டு இன்ஜெக்டர். ஐம்பது குதிரைத்திறன் எஞ்சின் முழு வேகத்தில் நிமிடத்துக்குச் சுமார் 260 மில்லி பெட்ரோல் குடிக்கும். ஆளுக்கு 200 மில்லி தரும் இன்ஜெக்டர் இரண்டு போதும், மூச்சு முட்டாமல் வேலை செய்யும். அமெரிக்காவிலிருந்து கார்புரேட்டர் இடத்திலேயே உட்காரும் கிட் வருகிறது என்று யாராவது ஆசை காட்டினால் கேட்காதே. பெரும்பாலும் வி8-ஐ மனதில் வைத்துச் செய்தவை. நம் எஞ்சின் வண்டி நிற்கும்போது மெதுவாக ஓடும் ஐட்லிங்குக்கு அந்த இன்ஜெக்டர்கள் ரொம்பப் பெரியவை.

ஆனால் மணி, இன்ஜெக்டர் வைப்பது வேலையில் சின்னப் பகுதிதான். என் நேரத்தையும் காசையும் தின்றது டேங்கிலிருந்து எஞ்சின் வரை வரும் பாதை. கார்புரேட்டருக்குக் கால் பார் அழுத்தம் போதும். இதற்கு மூன்று பார் வேண்டும். டேங்க் பக்கத்திலேயே எலக்ட்ரிக் பம்பு வைத்தாக வேண்டும். பெட்ரோலைத் தள்ளிக்கொண்டே வருவதால் ஏர் லாக்கும் ஒழிந்தது. மீதிப் பெட்ரோல் திரும்பிப் போக இன்னொரு குழாய் போட வேண்டும். கொண்டை ஊசி வளைவில் டேங்கில் பெட்ரோல் ஒதுங்கினாலும் பம்பு காற்றை இழுக்காதபடி நடுவில் ஒரு லிட்டர் அளவுக்குச் சின்ன டப்பா வேண்டும். ஹோஸ் விஷயத்தில் மட்டும் கஞ்சத்தனம் பார்க்காதே, இன்ஜெக்ஷனுக்கென்றே வரும் ஆர்9 என்று அச்சிட்டதை வாங்கு. பழைய ரப்பர் குழாய் மூன்று பாரில் பிய்த்துக்கொண்டால் பெட்ரோல் நேராகச் சூடான எக்ஸாஸ்ட் மேல் விழும். நம் எஞ்சினில் இரண்டும் ஒரே பக்கம் என்பதை மறக்காதே. எஞ்சின் நின்றால் பம்பும் நின்றுவிடும்படி ரிலே கட்டாயம்.

அடுத்தது கரண்ட். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் பிளக் தீப்பொறிக்கு நேரம் குறிக்கும் பாயிண்டைத் தூக்கிவிட்டு, எஞ்சினோடு சுற்றும் கிராங்க் புல்லியில் 36 பல்லில் ஒன்றை விட்டுவிட்ட சக்கரமும் சென்சாரும் வைத்தேன். எஞ்சின் எந்த நிலையில் இருக்கிறது என்று கம்ப்யூட்டருக்கு அதுதான் சொல்கிறது. கம்ப்யூட்டர் என்றால் ஸ்பீடுயினோ. ஆர்டுயினோ பலகையில் ஓடுவது, யார் வேண்டுமானாலும் எடுத்துச் செய்துகொள்ளலாம். விடிகாலையில் அவிநாசி ரோட்டில் நான் ஓட்ட, மகள் மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு எண்களை மாற்றுவாள். "அப்பா, மூன்றாவது கியரிலேயே பிடித்து வையுங்கள்" என்று அதட்டல் வேறு.

பலன் என்ன என்று கேட்பாய். சோக் இழுக்கும் வேலை போயிற்று, ஊட்டிக் குளிரில் ஒரே சாவியில் பிடிக்கிறது, வண்டிக்குள் பெட்ரோல் வாடை இல்லை. வேகம்? பெரிதாக ஒன்றும் இல்லை. கம்ப்ரஷனும் ஹெட்டும் அதேதான், எங்கிருந்து வரும்.

உன் வண்டி கும்பகோணத்தை விட்டு எங்கே போகிறது, சொல்? சமவெளியிலேயே ஓடும் வண்டிக்கு முதலில் கார்புரேட்டரைப் பிரித்து, தேய்ந்த திராட்டில் ஷாஃப்ட்டுக்குப் புஷ் போடச் சொல். இ20-க்கு ஜெட்டைக் கொஞ்சம் பெரிதாக்கி, பாயிண்டுக்குப் பதில் எலக்ட்ரானிக் இக்னிஷன் வைத்துப் பார். கார்புரேட்டர் மேல் போடும் பழியில் பாதி டிஸ்ட்ரிபியூட்டரைச் சேர்ந்தது என்பது என் அபிப்பிராயம். அதற்கும் அடங்காவிட்டால் இன்ஜெக்ஷனைப் பற்றிப் பேசலாம். அப்படிச் செய்வதானால், வண்டியை மாற்றுவது மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவில் வருமா என்று ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் முன்கூட்டியே எழுதிக் கேட்டு வை, இன்சூரன்ஸிலும் சொல்லிவிடு. கழற்றிய சோலெக்ஸை எடைக்குப் போட்டுவிடாதே, என்னுடையது துடைத்து எண்ணெய் தடவிப் பெட்டியில் இருக்கிறது.

இன்னொன்று. உன்னுடையது மார்க் 2. டைனமோதானே இருக்கிறது? ஐட்லிங்கில் அது சார்ஜே செய்யாது, பம்பும் கம்ப்யூட்டரும் பேட்டரியைக் குடித்துவிடும். ஆல்டர்னேட்டர் போட்ட பிறகுதான் மற்றதெல்லாம். பேட்டரியின் எந்த முனை பாடியில் மாட்டியிருக்கிறது என்று பார்த்து எழுது, பானட்டைத் திறந்து நாலு படமும் எடுத்து அனுப்பு.

அன்புடன்,
ராசு