பாங்காங் ஏரியில் இறங்கும் முன்

உறுப்பினர்களுக்கு வணக்கம். லடாக்கில் 4,200 மீட்டருக்கும் மேலான உயரத்தில் உள்ள பாங்காங் ஏரி, உவர்நீராக இருந்தும் குளிர்காலத்தில் உறைந்துவிடுகிறது; 2023 பிப்ரவரியில் அதன் மீது 21 கிலோமீட்டர் ஓட்டப்பந்தயமே நடந்தது என்பதற்காக, எல்லா இடமும் எல்லா நாளும் ஆளைத் தாங்கும் என்று எவரும் எண்ண வேண்டாம். தெளிவான பனிக்கட்டி குறைந்தது 10 சென்டிமீட்டர் தடிமன் இருந்தால்தான் ஒருவர் நடக்கலாம். வெண்ணிறப் பனிக்கட்டிக்கு ஏறக்குறைய பாதி வலிமையே உண்டு என்பதால் இருமடங்கு தடிமன் வேண்டும். இவையும் நன்னீருக்கான அளவுகளே. உப்பு கலந்தது இன்னும் மென்மையானது. ஓடைகள் வந்து சேரும் இடங்களையும், மேலே விழுந்த பனி கம்பளிபோல் குளிரைத் தடுப்பதால் அடியில் மெலிந்திருக்கும் பகுதிகளையும் தவிர்க்கவும். கரையிலிருந்தே துளையிட்டு அளந்தபடி, ஒருவருக்கொருவர் இடைவெளி விட்டு, உள்ளூர் வழிகாட்டி சம்மதித்த பின்னரே நகர வேண்டும். நம் ஒளிப்பட ஆர்வலர்களுக்கும் இது பொருந்தும்.