14 ஆட்டத்தோடு கடையைக் கட்டாதீர்கள்: ஃபிடேவுக்கு ஒரு திறந்த மடல்

உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடேயின் நிர்வாகிகளுக்கு வணக்கம்.

சென்னையில் சனிக்கிழமை தோறும் பத்துப் பிள்ளைகளுக்குச் செஸ் சொல்லிக்கொடுக்கிறவன் நான். போன வாரம் 1990இல் காஸ்பரோவும் கார்ப்போவும் 24 ஆட்டமாக ஆடிய உலக சாம்பியன் போட்டியைப் போர்டில் எழுதிக்கொண்டிருந்தேன். நியூயார்க்கில் 12 ஆட்டம் முடிந்து 6-6, லியோனுக்குப் போய் இன்னும் இரண்டு டிரா, 7-7. அடுத்து என்ன என்று கேட்டேன். பதினொரு வயதுப் பெண் ஒருத்தி நோட்டிலிருந்து தலையைத் தூக்காமலே "டைபிரேக் சார், ராபிட்" என்றாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை, அவள் பார்த்து வளர்ந்தது, 14 ஆட்டம் முடிந்து சமமாக நின்றால் குறைந்த நேர ராபிட் ஆட்டங்களில் முடிவு காணும் உங்கள் டைபிரேக் விதியைத்தான்.

உலக சாம்பியன் போட்டியை மறுபடி 24 ஆட்டமாக்குங்கள். கேட்க வந்தது இவ்வளவுதான்.

அந்த 7-7க்குப் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியாததல்ல. 16வது ஆட்டத்தை காஸ்பரோவ் 102 நகர்த்தல் வரை இழுத்து ஜெயித்தார், அடுத்ததிலேயே கார்ப்போவ் திருப்பிக் கொடுத்தார், 18, 20 இரண்டும் காஸ்பரோவுக்கு. பட்டம் கைவிட்டுப் போன பிறகும் 23வதில் ஜெயித்தாரே கார்ப்போவ், அந்த மனுஷனை என்னவென்று சொல்வது! 12.5–11.5 என்று காஸ்பரோவ் ஜெயித்தார். ஐந்து போட்டி, 144 ஆட்டம் நீண்ட பகை அங்கே முடிந்தது. அந்தக் கடைசிப் போட்டியில் முடிவு கண்ட ஆட்டங்கள் ஏழு, அதில் ஐந்து 14வதுக்குப் பிறகு வந்தவை. இன்றைய விதியில் அந்த ஐந்தும் கிடையாது.

2023இல் அஸ்தானாவில் நடந்த உலக சாம்பியன் போட்டியிலும் அதே 7-7 தான். மூன்று வாரம் விளையாடியதை 25 நிமிட ராபிட்டில் தீர்த்தீர்கள். ஆக்கப் பொறுத்தவர்களுக்கு ஆறப் பொறுக்கவில்லையா? 2024 சிங்கப்பூரில் எங்கள் குகேஷ் 14வது ஆட்டத்தில் ஜெயித்ததால் தப்பித்தீர்கள்.

எல்லையே இல்லாமல் ஆடச் சொல்லவில்லை. 1984-85இல் 48 ஆட்டம் போய், முடிவே இல்லாமல் நீங்களே நிறுத்தியதை யாரும் மறக்கவில்லை. செலவு, ஸ்பான்சர் என்பீர்கள், அதுவும் புரிகிறது. ஆனால் 2024 கடைசியில் முன்னாள் உலக சாம்பியன் கார்ல்சன் ஜீன்ஸ் போட்டு வந்ததற்கு 200 டாலர் அபராதம் போடுமளவு கறாராக இருந்துவிட்டு, அதே வாரம் பிளிட்ஸ் எனும் அதிவேக செஸ் பட்டத்தைக் கல்யாண வீட்டு லட்டு மாதிரி இரண்டாகப் பிட்டு அவருக்கும் நெபோம்னியாச்சிக்கும் ஆளுக்குப் பாதி கொடுத்தீர்களே, எந்த விதியைக் கெட்டியாகப் பிடிக்க வேண்டும், எதைத் தளர்த்த வேண்டும் என்பதில் யாருக்கோ... சரி, விடுங்கள், கேட்க வந்தது வேறு.

தயவுசெய்து 24 ஆட்டம். முடியாதென்றால் 20 ஆட்டமாவது வையுங்கள். அடுத்த பொதுச்சபையில் இதை ஒரு முறை பேசிப்பாருங்கள் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

நாங்கள் இப்போது 16வது ஆட்டத்தில் நிற்கிறோம். 102 நகர்த்தல், இந்தப் பிள்ளைகளோடு முடிக்க எப்படியும் இரண்டு சனிக்கிழமை ஆகும்.

இப்படிக்கு,
ஒரு செஸ் வாத்தியார்