வரலாற்று மன்ற ஆண்டறிக்கை: பொதுக்குழுவில் செயலாளர் முன்வைத்தது

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், விடுமுறை நாளென்றும் பாராமல் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். காஞ்சிபுரத்தில் இயங்கிவரும் நமது மன்றத்தின் கடந்த ஆண்டுப் பணிகளைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன்.

மாதக் கூட்டங்கள் வழக்கம்போல் நடைபெற்றன. பொங்கலையொட்டிப் பள்ளி மாணவர்களுக்குக் கட்டுரைப் போட்டி நடத்திப் பரிசு வழங்கினோம். நூலக அலமாரிக்குக் கண்ணாடிக் கதவு போடப்பட்டது.

ஆண்டின் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டது நம் ஊரை அடுத்த திருப்பருத்திக்குன்றத்துச் சமணக் கோயில்களை அளந்து, வரைந்து, தமிழில் விளக்கக் குறிப்பு எழுதும் பணியே ஆகும். கைலாசநாதரும் வைகுந்தப் பெருமாளும் இருக்கும் ஊரில், வேகவதிக் கரையிலுள்ள சமணக் கோயிலுக்கு மன்றத்தின் பணத்தைச் செலவிடுவானேன் என்று சென்ற பொதுக்குழுவில் ஒரு கேள்வி எழுந்தது. கேள்வி எழுப்பியவர் இன்று வரவில்லை. எனினும் விடை குறிப்பேட்டில் பதிவாக வேண்டும் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

ஜினகாஞ்சி என்று பெயர் பெற்ற திருப்பருத்திக்குன்றத்தைப் பற்றிய சான்று பல்லவர் காலத்திலேயே தொடங்குகிறது. அங்கிருந்த சமண முனிவர் வச்சிரநந்திக்குப் பல்லவ மன்னன் சிம்மவர்மன் அளித்த கொடையைப் பள்ளன்கோயில் செப்பேடு குறிப்பிடுகிறது. இன்று அங்கே நிற்பவற்றுள் சிறியதான, சமணத் தீர்த்தங்கரர்களுள் ஒருவரான சந்திரப்பிரபரின் கோயில் பல்லவர் பாணியில் மணற்கல்லால் அமைந்தது. அதன் கீழ்த்தளம் உட்புகமுடியாத கட்டுமானமாக இருக்க, கருவறை மேல்தளத்தில் வைக்கப்பட்டுள்ளது. சுவரின் அரைத்தூண்களைச் சிங்கங்கள் தாங்குகின்றன. கைலாசநாதர் கோயிலைப் பலமுறை சுற்றிவந்த நம்மவர்களில் எத்தனை பேர் அதே மணற்கல்லையும் அதே சிங்கங்களையும் இங்கே பார்த்திருக்கிறார்கள் என்பதை அவரவர் மனச்சாட்சிக்கே விட்டுவிடுகிறேன்.

பெரிய கோயிலான திரைலோக்கியநாதர் கோயில் ஒரே காலத்தில் எழுந்ததன்று. வர்த்தமானர் எனப்படும் மகாவீரருக்குரிய கருவறை, பின்புறம் அரைவட்டமாக வளையும் தூங்கானை வடிவினது. பத்மப்பிரபர், வாசுபூச்சியர், பார்சுவநாதர் ஆகிய தீர்த்தங்கரர்களின் கருவறைகள் ஒன்றையொன்று ஒட்டித் திரிகூடமாக நிற்கின்றன. குலோத்துங்கன், விக்கிரம சோழன் காலத்துக் கல்வெட்டுகள் சோழர் ஆட்சியில் கிடைத்த கொடைகளைத் தெரிவிக்கின்றன. பின்னர் விசயநகர அமைச்சரும் படைத்தலைவருமான இருகப்பர், தம் குருவாகிய புஷ்பசேனரின் சொற்படி, 1387-88இல் முன்பக்கத்துச் சங்கீத மண்டபத்தைக் கட்டுவித்தார். ஏறக்குறைய அதே ஆண்டுகளில் அவர் விசயநகரத் தலைநகரான ஹம்பியில் தீர்த்தங்கரர் குந்துநாதருக்கு எடுப்பித்த கோயிலின் கூரை படிப்படியாகக் குறுகி உயர்கிறது. முன்னே ஒற்றைக்கல் விளக்குத்தூண் ஒன்றும் உண்டு. தலைநகரில் அந்தப் பாணியைக் கையாண்டவர், காஞ்சியில் நம் பக்கத்து மண்டப மரபையே பின்பற்றியிருக்கிறார். ஒருவரே எடுப்பித்த இரண்டு கட்டடங்கள் இத்தனை வேறுபட்டு நிற்பதைப் பார்த்த பிறகுதான் இப்பணி மன்றத்துக்கு உரியதே என்ற உறுதி எனக்கு ஏற்பட்டது.

அம்மண்டபத்தின் விதானத்தில் இடபதேவர், வர்த்தமானர் ஆகிய தீர்த்தங்கரர்களின் வரலாறுகளும், தீர்த்தங்கரர் நேமிநாதரின் உறவினர் என்ற முறையில் கண்ணனின் கதையும் வரிசை வரிசையாகத் தீட்டப்பட்டுள்ளன. காட்சிகளுக்கு அடியில் எழுத்து விளக்கமும் உண்டு. நிறம் உதிர்ந்த இடங்களும் கசிவுக்கறை படிந்த இடங்களும் பல. டி. என். இராமச்சந்திரன் 1934இல் சென்னை அருங்காட்சியக வெளியீடாக எழுதிய நூல் இக்கோயில்களை விரிவாக ஆராய்ந்துள்ளது. ஆனால் அது ஆங்கிலத்தில் உள்ளது, கையில் எடுத்துக்கொண்டு அண்ணாந்து பார்ப்பதற்கும் ஏற்றதன்று. எந்தக் காட்சி எந்தத் தூணுக்கு நேரே வருகிறது என்பதைக் காட்டும் எளிய தமிழ்ப் படம் ஒன்று வேண்டும் என்பதே என் நோக்கம். தரைப்படம் முடிந்துவிட்டது, விதானத்தின் படம் பாதியில் நிற்கிறது.

பாதியில் நிற்பதற்கான காரணத்தையும் சொல்லியாக வேண்டும். இப்பணிக்குக் கைதூக்கிப் பெயர் கொடுத்தவர்கள் பலர். அளவுநாடாவின் மறுமுனையைப் பிடிக்க வந்தவர்கள் சிலர். வெயில் ஏறிய பின்னும் இருந்தவர் பொதுப்பணித்துறையில் படம் வரைந்து ஓய்வுபெற்ற நம் மூத்த உறுப்பினர் ஒருவரே. போளூருக்கு அருகிலுள்ள திருமலைக்குச் சென்ற ஆண்டுச் சுற்றுலாவிலும் இதே நிலைதான். வருவதாகச் சொன்னவர்களை நம்பிப் பெரிய வேன் அமர்த்தப்பட்டது. காலியாகச் சென்ற இருக்கைகளுக்கும் மன்றமே வாடகை செலுத்தியது. குந்தவையின் பெயர் தாங்கிய ஜினாலயம் என்னும் சமணக் கோயிலையும், இயற்கைக் குகைக்குள் சுவர் எழுப்பி அறைகளாக்கி ஓவியம் தீட்டிய வேலைப்பாட்டையும், பாறையில் சுமார் 16 அடி உயரத்துக்குச் செதுக்கிய நேமிநாதரையும் காணும் வாய்ப்பை வராதவர்கள் இழந்தார்கள் என்பதைத் தவிர இதில் நான் வேறெதுவும் சேர்க்க விரும்பவில்லை.

வரவு செலவைப் பொறுத்தவரை, சந்தா, நன்கொடை, வைப்புத்தொகை வட்டி ஆகியவற்றால் வந்த வரவு செலவுக்கு ஏறத்தாழ ஈடாக இருந்தது. சிறு குறைவு முந்தைய இருப்பிலிருந்து சரிசெய்யப்பட்டது. விவரம் பொருளாளரிடம் உள்ளது. படப்பணிக்கான செலவு மிகுதி என்று வெளியில் பேசப்படுவதாக அறிகிறேன். தாள், அச்சு, போக்குவரத்து தவிர அதில் வேறு செலவில்லை. நிலுவைச் சந்தா முழுவதும் வந்திருந்தால் அக்குறைவே ஏற்பட்டிருக்காது. நிலுவை வைத்திருப்போரில் ஆண்டுதோறும் முன்வரிசையில் அமர்ந்து ஆலோசனை வழங்குபவர்களும் அடக்கம். பெயர்ப் பட்டியலை வாசிக்கும் வழக்கம் நம் மன்றத்தில் இல்லை. அவ்வழக்கத்தை இவ்வாண்டும் காப்பாற்றுகிறேன்.

கோயிலைத் திறந்துவைத்துப் பொறுமையுடன் உடனிருந்த கோயில் பூசகரான உபாத்தியாயருக்கும், படம் எடுக்க அனுமதி அளித்த அலுவலர்களுக்கும், கூட்டங்களுக்கு இடம் தந்த பள்ளி நிர்வாகத்துக்கும், தலைவர், பொருளாளர், செயற்குழுவினர் அனைவருக்கும் மன்றத்தின் சார்பில் நன்றி தெரிவித்துக்கொள்கிறேன்.

வரும் ஆண்டில் விதானப் படத்தை முடித்து, விளக்கக் குறிப்புடன் சிறு கையேடாக அச்சிட வேண்டும். அடுத்து, சமணத் தலமான மேல்சித்தாமூரில், பாறைச் சிற்பங்களையுடைய மலைநாதர் கோயிலையும் உயர்ந்த கோபுரத்தையுடைய பார்சுவநாதர் கோயிலையும் இதே முறையில் வரையலாம் என்பது என் பரிந்துரை. ஆனால் நிலுவை வசூலாகாமல் அச்சகத்தாரிடம் பேச இயலாது. இருவர் மட்டும் சேர்ந்து இன்னொரு கோயிலை அளக்கவும் இயலாது. செயலாளர் பொறுப்பை ஏற்க விரும்புவோர் இருந்தால் கோப்புகளையும் வரைபடச் சுருள்களையும் மகிழ்ச்சியுடன் ஒப்படைக்கச் சித்தமாக இருக்கிறேன். அப்படி எவரும் முன்வராவிட்டால், இக்கூட்டம் முடிந்ததும் பொருளாளர் வாசலருகே இரசீதுப் புத்தகத்துடன் இருப்பார் என்பதைத் தெரிவித்து, இவ்வறிக்கையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு முன்வைக்கிறேன்.

செயலாளர்