கேட் தூணைப் பிடுங்கும் முன்

இங்கிலாந்தின் டார்ட்மூர், கார்ன்வால் பகுதிப் பண்ணைக்காரர்களுக்கு,

வணக்கம். பழைய கருங்கல் கேட் தூணை எடுத்துவிட்டு இரும்புத் தூண் நடப் போகிறீர்களா? சரி, இன்றைய டிராக்டருக்கு அந்தக் காலத்து வழியின் அகலம் போதாதுதான். பிடுங்குவதற்கு முன் கல்லின் நான்கு பக்கத்தையும் ஒருமுறை பாருங்கள். அது கை சீவப்பட்ட பழைய கற்சிலுவையாக இருக்கலாம்.

இந்த ஜனவரியில் ஒரு பண்ணை வழியாக நடந்தேன். காலையில் போகும்போது அது வெறும் தூண். ஈயம் உருக்கி ஊற்றிப் பதித்த இரும்புக் கொக்கி, அதில் தொங்கும் கதவு, அவ்வளவுதான். சாயங்காலம் திரும்பும்போது வெயில் சாய்வாக விழுந்தது. பாசிக்கு அடியில் மெல்லிய சிலுவைக் கோடு தெரிந்தது. மேலே இரண்டு பக்கமும் சிலுவையின் கை இருந்த இடத்தை உளியால் சீவிய தடம்.

உங்கள் முன்னோர்களைக் குறை சொல்லவில்லை. 16ஆம் நூற்றாண்டு கிறிஸ்தவ மதச் சீர்திருத்தத்துக்குப் பிறகு இந்தச் சிலுவைகளைத் தேடுவாரில்லை. ஆளுயரக் கருங்கல் சும்மா கிடந்தால் யார்தான் விடுவார்கள்? தூணாக நட்டதால்தான் பல சிலுவைகள் உடைபடாமல் பிழைத்தன என்றுகூடச் சொல்லலாம்.

ஆனால் இவை கும்பிட மட்டும் நட்டவை அல்ல. மூடுபனியில் பக்ஃபாஸ்ட், டாவிஸ்டாக் துறவி மடங்களுக்கு இடையே நடந்தவர்களுக்கு இவைதான் வழிகாட்டி. எல்லைக்கல்லாகவும் இருந்தன. டார்ட்மூரில் இருக்கும் சிவார்ட் சிலுவையை 1240ஆம் ஆண்டு எல்லை அளவையிலேயே குறித்திருக்கிறார்கள். உடைந்து கிடந்த அதை 19ஆம் நூற்றாண்டில் இரும்புப் பட்டை போட்டு ஒட்டவைத்தார்கள், இன்றும் நிற்கிறது. அங்கேயே இருக்கும் பென்னட் சிலுவையில் முயல் பண்ணையின் எல்லையைக் குறிக்க இரண்டு எழுத்தைப் பிற்காலத்தில் வெட்டினார்கள். ஒரு கல்லுக்கு எத்தனை வேலை!

கல்லை நகர்த்தினால் அந்தப் பழைய பாதையின் தடயம் போய்விடும். அவ்வளவு கனமான கல்லை யாரும் வெகுதூரம் இழுத்துக்கொண்டு போயிருக்க மாட்டார்கள். அதனால் சந்தேகம் வந்தால் அப்படியே விட்டுவிட்டு, இருட்டியபின் பக்கவாட்டில் டார்ச் அடித்துப் படம் எடுங்கள். கம்பி பிரஷ் போட்டுப் பாசியைத் தேய்க்காதீர்கள். அப்புறம், உங்கள் பகுதித் தொல்லியல் அலுவலரைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள்.

நான் பார்த்த தூணின் மேல் புது இரும்புக் கேட் ஒன்றைச் சாத்தி வைத்திருந்தார்கள். அந்தப் பண்ணைக்காரர் இதைப் படித்தால், வெயில் இருக்கிற நாளாகப் பார்த்து, பொழுது சாயும் நேரம் ஒருமுறை வெளியே போய்ப் பாருங்கள் ஐயா.

அன்புடன்,
அந்த வழியாக நடந்த ஒருவன்